லயத்துக்கு மேலிருந்த புல்

பேச்சியம்மா சுரண்டி பிடித்தால் ஒரு புல்லும் தப்பாது என்று ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பேர். எழுபத்தெட்டாம் ஆண்டு ஆவணியில், தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு மேலே இருந்த மேட்டைச் சுத்தமாக வெட்ட அவளைத்தான் முதலில் போட்டார்கள். புதுத் தேயிலை வைக்கப் போகிறார்களாம்.

மேடு முழுக்க இடுப்பளவு மானாப்புல். எவ்வளவு மழை அடித்தாலும் தண்ணீர் புல்லுக்குள் புகுந்து, வேரடியில் ஊறி, மெல்லக் கசிந்துதான் லயத்தின் பின்பக்க வடிகாலான கானுக்கு வரும்.

"அண்ணே, லயத்த ஒட்டிப் பத்தடியாச்சும் விட்டுறலாமே. தண்ணி நேரா நம்ம மேலதான வரும்?" என்று கங்காணி பொன்னையாவிடம் கேட்டாள்.

"தொர சொன்னத செய் புள்ள. முடியாட்டி வீட்டுக்குப் போ, இன்னிக்கிப் பேரு இல்ல, சம்பளமும் இல்ல."

வெட்டினாள். மூன்று வாரத்தில் மேடு வெறும் மண்ணானது.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் மழை பிடித்தது. மலையிலிருந்து பேச்சியம்மா ஓடி வந்தபோது, தண்ணீர் செம்மண்ணை வாரிக்கொண்டு ஒரே பாய்ச்சலாக இறங்கிக்கொண்டிருந்தது. கான் அரை மணி நேரத்தில் தூர்ந்தது. லயத்தில் அவள் வீட்டுக்கு அடுத்த காம்பராவின் பின்சுவர் சாய்ந்தது. உள்ளே காய்ச்சலில் படுத்திருந்த ராக்கம்மாவைக் கல்லுக்கடியிலிருந்து இழுத்தெடுத்தார்கள். உயிர் இருந்தது, இடுப்பு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் நின்று, "அக்கா, நான்தான் வெட்டுனேன்" என்றாள் பேச்சியம்மா.

"தெரியும்" என்று ராக்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாளே ஓடைக்கரையில் மிஞ்சியிருந்த மானாத் தூர்களைப் பிடுங்கி வந்து, மேட்டுக்குக் குறுக்கே வரிசையாக நட ஆரம்பித்தாள்.

"யாரு ஒன்ன நடச் சொன்னது?" என்றார் பொன்னையா.

"வெட்டும்போது கேட்டேன், நீங்க காதுல வாங்கல. இப்ப நான் கேக்கப் போறதில்ல."

அடுத்த வாரம் பொன்னையா அவளைத் தூரத்து மலையில் வேலைக்கு மாற்றினார். வேலை முடிந்து வந்து, பொழுது சாயும்வரை நட்டாள். முதல் மழை பாதித் தூரை அடித்துப் போனது. மறுபடி நட்டாள். இதற்கிடையில் வைத்த தேயிலையோ மேல்மண் போன தரையில் கருகிப்போக, மேட்டைத் தோட்டம் கைவிட்டது. இரண்டாம் வருடம் புல் அடர்ந்தது. மண் தூரடியில் தங்க, தண்ணீர் தணிந்து வந்தது.

ராக்கம்மா அதைப் பார்க்கவில்லை. அவளை மஹய்யாவையில் இருந்த தம்பி வீட்டுக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். பேச்சியம்மா இரண்டு முறை போனாள். கதவு திறந்தது; தேத்தண்ணீர் கொடுத்தார்கள்; ராக்கம்மா கண்ணை மூடியே படுத்திருந்தாள்.

அதன்பின் மழை இரைச்சல் கேட்டாலே பேச்சியம்மாவுக்குக் காம்பராவுக்குள் இருப்புக்கொள்ளாது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, மழை விடும்வரை கானடியில் நிற்பாள்.