வேளாங்கண்ணியில் பனி

ஒரகடம் பக்கம் எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் வாசலில் செல்போன் கேமரா மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். உள்ளே படம் எடுத்துவிடக் கூடாதாம். வெளியே வந்ததும் நாமே பிய்த்துக்கொள்ளலாம். ஸ்டிக்கர் வந்துவிடும், கோந்து வராது.

அந்த வருடம் எங்கள் கம்பெனியில் ஆர்டர் குறைந்து வாரத்தில் மூன்று நாள்தான் லைன் ஓடியது. எங்கள் வாட்ஸப் குரூப்பைத் திறந்தால் அதே பேச்சுதான். காண்டிராக்ட் ஆட்களை நிறுத்தப் போகிறார்களாம், பட்டியல் தயாராம், யார் யாரோ அதில் இருக்கிறார்களாம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, ஆனால் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். வல்லம் வடகால் வாடகை அறையில் இருந்த நான், சொந்த ஊர் கோவில்பட்டிக்கு மனதுக்குள் மூட்டை கட்டிவிட்டேன்.

நியாயமாக என்னைவிட அதிகம் பயந்திருக்க வேண்டியவர், லைனில் என் பக்கத்தில் நிற்கும் படப்பை அக்கா. கணவருக்கு முதுகு போய் வேலையில்லை, இரண்டு பிள்ளைகள். அந்த அக்காதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டியல் சண்டைக்கு நடுவே, குடும்பத்தோடு வேளாங்கண்ணி போய்வந்த படங்களைக் குரூப்பில் போட்டார். மாதா கோயில், கடல், மொட்டையடித்த சின்னவன். எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் படர்ந்திருந்தது பனி.

சித்திரை வெயிலில் பனியா? என் வாய் சும்மா இருக்காது. நீங்கள் போனது வேளாங்கண்ணியா ஊட்டியா என்று கேட்டேன். அக்கா குரலிலேயே பதில் அனுப்பினார்:

"இன்னாடி கிண்டலு? அது பனியில்ல, நம்ம கேட்டு ஸ்டிக்கரு கோந்து. மாதா கோயில் வரைக்கும் கூடவே வந்துகீது."

அவ்வளவுதான், பட்டியலை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஒருவர் குற்றாலத்தைப் போட்டார். எது அருவி, எது கோந்து என்று தெரியவில்லை. நான் திருச்செந்தூர்க் கடலைப் போட்டேன். ஷிப்ட் நேரத்தைத் தவிர வேறெதுவும் போடாத சூப்பர்வைசர்கூட ஏற்காட்டைப் போட்டார். அவர் போனிலும் அதே கோந்து. அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். அன்றிலிருந்து, பட்டியல் பேச்சை எடுப்பவர் அபராதமாக ஓர் ஊர்ப் படம் போட வேண்டும் என்று ஆனது. வீட்டை விட்டு நகராமல் பாதித் தமிழ்நாட்டைப் பார்த்தோம்.

பட்டியல் கடைசியில் வரத்தான் செய்தது. அக்காவின் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

அக்காவை யாரும் குரூப்பிலிருந்து எடுக்கவில்லை. சில வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. மகாபலிபுரம் கடற்கரை, கையில் மாங்காய்க் கீற்றோடு பிள்ளைகள். கோந்து இல்லை. மாங்காயில் தூவிய மிளகாய்ப்பொடிவரை பளிச்சென்று தெரிந்தது. எந்தக் கேட்டிலும் ஸ்டிக்கர் ஒட்டாத போன். நான் அழுதேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் சாப்பாட்டு இடைவேளைக்கு வெளியே வந்தபோது போன் அதிர்ந்தது. அக்கா வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போயிருக்கிறார். ஒரு வார்த்தையும் எழுதவில்லை, படம் மட்டும். கூண்டு தெரிந்தது. உள்ளே புலியோ கரடியோ, எல்லாம் ஒரே வெள்ளைப் பனி.

எல்லோருக்கும் முந்தி எழுதினேன்: "எந்தக் கம்பெனி, அக்கா?"