எழுமலைக்காரி ஹம்சவேணி

கல்யாணமான புதிதில் என் அண்ணன் ராமமூர்த்தி அடிக்கடி அடுப்படியை எட்டிப் பார்ப்பான். உள்ளே பஞ்சாயத்து நடப்பதுபோல் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் ஹம்சவேணி அண்ணி ஒற்றை ஆளாகக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். அன்று கடைக்கு வந்த பெண்கள் எல்லாரும் அவள் தொண்டைக்குள் குடியேறியிருப்பார்கள்.

எங்களுக்கு மதுரை விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக்கடை. வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் தமிழ். கடைக்கு வருகிறவர்களில் கொட்டாம்பட்டிக்காரர்கள் பேச்சில் இழுக்கிற இழுப்பு வேறு, எழுமலைக்காரர்கள் வெட்டுகிற வெட்டு வேறு என்பாள் அண்ணி. எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்கும். தொண்ணூறுகளில் மதுரை வானொலி நாடகங்களில் நர்ஸ், பள்ளிக்கூடத்துப் பையன், பல் போன கிழவி என்று மாறி மாறி வந்தது அவள்தான். ஒரு நாடகத்தில் மாமியாரும் அவளே, மருமகளும் அவளே. மறுநாள் எங்கள் தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாத்திரம் எப்படி உட்காருமோ அப்படி உட்காராவிட்டால் குரல் வராது. வயல்காரி என்றால் கொசுவத்தைத் தூக்கிச் செருகித் தரையில் குத்துக்காலிட்டுவிடுவாள். வானொலி நிலையத்தில் அவளுக்காக மைக்கையே தரைக்கு இறக்குவார்கள்.

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு படத்துக்குக் குரல் கொடுக்கச் சென்னையிலிருந்து கூப்பிட்டார்கள். எழுமலைத் தாய் ஒருத்தியின் கதை. அந்த வேடத்தில் நடித்த அம்மாவுக்குத் தமிழே வராது. துணைக்கு நான் போனேன்.

"சௌராஷ்டிரா வீட்டுப் பொம்பளைக்கு எழுமலைப் பேச்சு எப்படிங்க வரும்?" என்று உதவி இயக்குநர் எங்கள் காதுபடவே இயக்குநரிடம் கேட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி சிரித்துக்கொண்டே கொசுவத்தைச் செருகித் தரையில் உட்கார்ந்தாள். மத்தியானம் வரை வேலை தடங்கலில்லாமல் போனது.

பிறகு மகனின் பிணம் வாசலுக்கு வருகிற காட்சி. அண்ணி வாய்விட்டு அழுதாள். முடித்துத் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்கே புரிந்தது. அழுதது முழுக்கச் சௌராஷ்டிரத்தில்! நெஞ்சு வெடிக்கும்போது வீட்டுப் பேச்சுதானே வரும்?

"நான் அப்பவே சொன்னேன் சார்" என்றான் அந்த மகராசன். வேறு ஆள் பார்க்கலாமா என்ற பேச்சு வந்தது. அண்ணி இடத்தைவிட்டு அசையவில்லை.

"சார், இன்னொரு தடவை போடுங்க. நான் அழமாட்டேன்."

எங்கள் வாடிக்கைக்காரி எழுமலை முத்துத்தாயை அவள் நினைத்திருக்கிறாள். மகன் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்குப் போய்விட்ட துக்கத்தில் கடைக்கு வந்தபோது முத்துத்தாய் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. எதிரே இல்லாத மகனைத் திட்டித் தீர்த்தாள்.

திரையில் நடிகை சேலைத் தலைப்பில் முகத்தைப் புதைத்திருந்தாள். அதனால் வாயசைவு பொருந்துமா என்ற கவலை இல்லை. அண்ணி பிணத்தைத் திட்டினாள். "எந்திரிடா. ஆக்கி வச்ச சோறு ஆறிப்போச்சு. வாரேன் வாரேன்னுட்டு இப்படியாடா வருவ?"

ஒலிப்பதிவுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உதவி இயக்குநர் தானே போய் டீ வாங்கி வந்து அண்ணிக்கு முதலில் நீட்டினான். எனக்கு அது போதும்.

அண்ணிக்குத்தான் போதவில்லை. "முத்துத்தாய் கேட்டுட்டு, என் துக்கத்தைக் கேலிக்கூத்தாக்கிட்டியேன்னு சொன்னா? அப்புறம் இந்த வாயைத் திறக்கவே மாட்டேன் வசு" என்று எங்கள் மொழியில் புலம்பினாள். படம் எழுமலைக் கொட்டகைக்கு வந்ததும் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிப் போய், விஷயத்தைச் சொல்லாமல் முத்துத்தாயைப் படத்துக்கு அழைத்துப்போனோம். அண்ணி திரையைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சியில் முத்துத்தாய் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

வெளியே வந்ததும் அண்ணி மெல்லக் கேட்டாள். "எப்படி இருந்துச்சு?"

"அம்புட்டும் எங்கூர்ப் பேச்சுக்கா. என் வயித்துல கெடந்ததை அப்படியே அள்ளிக் கொட்டிட்டா. நடிச்சவ யாரோ, பின்னாடி பேசுனவ எந்தத் தெருக்காரின்னுதான் பிடிபடல. வடக்குத் தெருவா இருக்கும்."

அண்ணி கொசுவத்தைத் தூக்கிச் செருகினாள். கொட்டகை வாசல் மண்ணிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "எந்திரிடா. ஆக்கி வச்ச சோறு ஆறிப்போச்சு..."

முத்துத்தாய் எதிரே உட்கார்ந்து அண்ணியின் கன்னங்களைக் கைகளில் ஏந்தினாள். "அடியாத்தீ! யக்கா, நீயா?"

அடுத்த நொடி கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "ஏப்பா, எல்லாரும் இங்க வாங்க! படத்துல பேசுனது இவதான். எங்கூர்க்காரி!"

எனக்குப் பெருமையில் கண் நிறைந்துவிட்டது. அண்ணி மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எதற்கு மறுக்கப் போகிறேன்?