மீட்டர் ஓடாத பக்கம்

நான் பார்ப்பது மெயின்ஃப்ரேம் என்னும் ராட்சசக் கம்ப்யூட்டரில் வேலை. ஒரு வங்கியின் டேட்டாபேஸை காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வீட்டிலிருந்தே கவனித்துக்கொள்கிறேன். அடுத்த அறையில் என் வீட்டுக்காரர் பட்டு நெய்கிறார். மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தால் தறிச்சத்தமும் கூடவே பேசும். சென்னை ஆபீஸில் இருப்பவர்களுக்கு அது பழகிவிட்டது.

போன வருஷம் மேலாளர் போன் செய்தார். "அடுத்த மாச லைசென்ஸ் பில் குறையலைன்னா, வீட்டுலேருந்து பாக்குறது போதும், டீம் மொத்தமும் சென்னை ஆபீஸுக்கு வந்துடணும்னு மேலிடத்துல சொல்றாங்கம்மா."

தறி என்ன லேப்டாப்பா, பையில் போட்டுத் தூக்கிப் போக? தரையில் குழி வெட்டி இறக்கியது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ம்" என்றார். அவ்வளவுதான். அந்த மனுஷன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்தப் பில்லின் கூத்தைச் சொல்ல வேண்டும். மெயின்ஃப்ரேமுக்குள் இரண்டு வகைச் செயலிகள், அதாவது பிராசஸர்கள். பொதுச் செயலியில் ஓடும் வேலைக்கு ஆட்டோ மாதிரி மீட்டர் உண்டு. மாதத்திலேயே நெரிசல் உச்சத்துக்குப் போன சில மணி நேரத்தை வைத்துத்தான் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு லைசென்ஸ் கட்டணம். பக்கத்திலேயே சிறப்புச் செயலி என்று இன்னொன்று. அதற்கு மீட்டரே கிடையாது. நெட்வொர்க் வழியாக வரும் டேட்டாபேஸ் வேலையை அங்கே தள்ளலாம். தள்ளினேன். ஆனாலும் காலை நேரத்து உச்சம் அசையவே இல்லை. சிறப்புச் செயலிக்கு மூச்சு முட்டினால் பொதுச் செயலி கைகொடுக்க ஓடி வந்துவிடும், மீட்டரும் கூடவே ஓடும். "நீ ஒண்ணும் உதவ வேணாம், போ" என்று அந்தக் கதவைச் சாத்தினேன். மறுநாள் காலை மீட்டரின் வரைபடம் சரிந்து கிடந்தது. நாற்காலியிலிருந்து துள்ளினேன்.

பதினொரு மணிக்கு அக்காவிடமிருந்து போன். அதே வங்கியின் காஞ்சிபுரம் கிளையில் பாஸ்புக்கோடு நிற்கிறாள்.

"இன்னாடி இது, ஒரு மணி நேரமா நின்னுக்கினு இருக்கேன். கம்ப்யூட்டர் நகரவே மாட்டேங்குது. எவனோ கட்டையில போறவன் அதுல கைய வெச்சிருக்கான்!"

ஐயோ! வேலையெல்லாம் சிறப்புச் செயலியின் வாசலில் காத்துக் கிடந்தது.

"கைய வெச்சது நான்தான்க்கா."

"அப்போ நீயே எடு. எனக்கு முன்னாடி இன்னும் பன்னெண்டு பேரு இருக்காங்கோ."

கதவைத் திறந்துவிட்டேன். மேலாளரிடம் உள்ளதைச் சொன்னேன். சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று அழுகையாக வந்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. காலையில் சிறப்புச் செயலியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார் என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். தலைமையகத்தின் பெரிய பெரிய ரிப்போர்ட்டுகள்! அவற்றை மறுநாள்தான் பார்ப்பார்களாம். நல்லா இருக்கிறது கதை. கெஞ்சிக் கூத்தாடி சாயங்காலத்துக்குத் தள்ளினேன். காலையில் சிறப்புச் செயலிக்கு இடம் கிடைத்தது, கிளைகளிலும் வேலை வேகமாக நடந்தது, மீட்டரும் இறங்கியது.

பில் வந்த அன்று மேலாளர் கூப்பிட்டார். "நீங்க அங்கேயே இருக்கலாம்மா. இனிமே எதை மாத்தினாலும் முதல்ல உங்க அக்காவை பேங்குக்கு அனுப்பிப் பாருங்க."

சிரித்துக்கொண்டே தறியறைக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். வீட்டுக்காரர் நெய்வதை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லதாப் போச்சும்மா. தறியைப் பிரிக்க ஞாயித்துக்கிழமைக்கு ஆள் சொல்லி வெச்சிருந்தேன். வேணாம்னு சொல்லிட்டு வந்துடறேன்" என்று சட்டையைத் தேடினார்.