மாமாவுக்கு மட்டும் தெரிந்த அஞ்சு

என் மாமா விலைபோய்விட்டார் என்று ஊரே முடிவு கட்டிய நாளில் எனக்குக் காலாண்டுப் பரீட்சை லீவு. அதனால் ஒரு சீனைக்கூட விடாமல் முழுப்படமும் பார்க்கக் கொடுத்து வைத்தது.

அப்போது நான்காம் வகுப்பு. கீழ்வேளூரிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். குறுவை அறுப்பு நேரம். விவசாயத் தொழிலாளர் சங்கம் கூலியை ஏற்றிக் கேட்டிருந்தது. ஒத்துக்கொள்கிற பண்ணையில் அரிவாள் இறங்கும், ஒத்துக்கொள்ளாத பண்ணையில் நெல் நின்றபடியே கொட்டட்டும் என்று தீர்மானம். பேச்சுவார்த்தை விடிய விடிய நடந்தது. யார் ஒத்துக்கொண்டார், யார் முறுக்கிக்கொண்டார் என்று ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வருகிற ஆட்கள் வரைக்கும் யார் போய்ச் சொல்வது? அதற்காக ஒரு ஏற்பாடு செய்தார்கள். வரப்பில் பச்சைத் துணி பறந்தால் இறங்கி அறுக்கலாம். சிவப்புத் துணி பறந்தால் கால் வைக்கக் கூடாது. ரயிலுக்கே சரிப்படுகிறது, நமக்குச் சரிப்படாதா என்றாராம் சங்கச் செயலாளர். செம ஐடியாதான். துணி நடுகிற வேலையை என் மாமாவிடம் கொடுத்ததுதான் சொதப்பல்.

மாமா என் அம்மாவின் தம்பி. செயலாளரின் மகளுக்கும் அவருக்கும் நிச்சயம் முடிந்து, தை மாதத்தில் கல்யாணம் என்று இருந்தது. வருங்கால மாமனார் சொன்னால் கிணற்றில்கூடக் குதிப்பார். அன்று வெள்ளி முளைக்கும் நேரத்தில் செயலாளர் வந்து, "பெரிய பண்ணை ஒத்துவரல, சிவப்பு. சின்னப் பண்ணை ஒத்துக்கிட்டாரு, பச்சை. போ தம்பி" என்றார். மாமா துணிமூட்டையை சைக்கிளில் கட்டிக்கொண்டு பறந்தார். திரும்பி வந்து திருப்தியாக நீச்சத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தார்.

பத்து மணிக்குச் சின்னப் பண்ணைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஒத்துக்கிட்டது நானுங்க! என் வயல்ல ஒரு ஆளு இறங்கல. அங்க போய்ப் பாருங்க, பெரிய பண்ணையில திருவிழா நடக்குது!"

உண்மையிலேயே திருவிழாதான். பச்சைத் துணி படபடக்கிற பெரிய பண்ணை வயலில் நூறு பேர் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரியே சமரசம் ஆகிவிட்டது என்று அவர்களுக்கு நினைப்பு. வாயெல்லாம் பல்லாக நின்ற பண்ணைக் காரியக்காரர் ஆளுக்கொரு டீயும் வடையும் சப்ளை பண்ணிக்கொண்டிருந்தார். நம் ஆட்கள் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் பாதி வயல் மொட்டை.

சாயங்காலம் படிப்பகத்து வாசலில் கூட்டம். மாமாவை நடுவில் நிற்க வைத்தார்கள்.

"பெரிய பண்ணையில என்ன நடச் சொன்னேன்?" என்றார் செயலாளர்.

"சிவப்பு."

"நீ என்ன நட்டே?"

"சிவப்புதான் நட்டேன்."

"அப்ப நான் போய்ப் புடுங்கிட்டு வந்தது என்னய்யா? வாழை இலையா?"

கூட்டம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "கண்ணு அவிஞ்சு போச்சா மாப்ள?" என்றது. இன்னொரு குரல், "கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கும். பண்ணையில கவரு எவ்வளவு கனமா குடுத்தாங்கன்னு கேளு" என்றது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

செயலாளர் துண்டை உதறித் தோளில் போட்டார். "தை மாசத்தைப் பத்தி இனிமே எங்கிட்ட யாரும் பேச வேணாம்."

பெண்கள் நின்ற பக்கத்தில் அவருடைய மகள் நின்றுகொண்டிருந்தார். பின்னாளில் அவர் எனக்கு அத்தை. அப்போது இன்னும் ஆகவில்லை, ஆகாமலே போகிற மாதிரி இருந்தது. அவர் குனிந்து தன் வளையல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தார். "இருங்கண்ணே. கண்ணு அவிஞ்சு போச்சான்னு ஒருத்தரு கேட்டாருல்ல? ஆமா, அவிஞ்சுதான் போயிருக்கு. நாளைக்கே கீழ்வேளூர் போய் டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம். நீங்களும் வாங்க. அப்புறம் நாங்க செட்டப் பண்ணிட்டோம்னு சொல்லக் கூடாது."

"அக்கா, எனக்குக் கண்ணு நல்லாத்தான்..." என்று மாமா ஆரம்பித்தார்.

"வாய மூட்றா."

அம்மாவுக்கு எந்த மருத்துவமும் தெரியாது. குருட்டுத் தம்பியை வைத்துக் காலம் தள்ளலாம், துரோகித் தம்பியை வைத்துத் தள்ள முடியாது. அவ்வளவுதான் கணக்கு.

மறுநாள் காலை பஸ்ஸில் நாங்கள் ஐந்து பேர். மாமா, அம்மா, நான், சாட்சியாகச் செயலாளர், அப்புறம் அவருடைய மகள். "நீ எதுக்கு?" என்று அவர் கேட்டதற்கு, "நாலு நாளா தலைவலிப்பா. கண்ணா இருக்குமோ என்னவோ" என்றார் மகள். நெற்றியைப் பிடிக்கிற சாக்கில் விரல் இடுக்கு வழியாக மாமாவைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

கீழ்வேளூர் கடைத்தெருவில் உரக்கடைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. தரங்கம்பாடியிலிருந்து வந்து அங்கே கண் பரிசோதனை செய்துகொண்டிருந்தவரை எல்லோரும் கண்ணாடியக்கா என்போம். யாராவது டாக்டரம்மா என்றால், "நான் டாக்டர் இல்லீங்க. கண்ணை முழுசா செக் பண்ணுவேன், கண்ணாடி போடுவேன், புரை கிரை இருந்தா தஞ்சாவூருக்கு எழுதிக் குடுப்பேன். அறுக்கறதெல்லாம் அங்க" என்பார். அவரிடம் ஒரு பழக்கம். கண்ணில் தூசி என்று போனாலும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் எல்லா டெஸ்ட்டும் எடுத்துத்தான் விடுவார். "கண்ணைப் பாதி பாத்துட்டு அனுப்பற வழக்கம் இங்க இல்ல" என்பது அவர் டயலாக்.

அறை சின்னது. அதனால் எழுத்து அட்டையை நாற்காலிக்குப் பின்னால் உயரத்தில் மாட்டி, எதிர்ச் சுவரில் இருக்கிற பெரிய முகம் பார்க்கும் கண்ணாடியில் அதைப் படிக்கச் சொன்னார். மாமா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மேலிருந்து கடைசி வரி வரைக்கும் மூச்சு விடாமல் படித்தார். அடுத்த கண்ணுக்கும் அதே. அட்டைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பேரையும் சேர்த்துப் படித்தார்.

"பார்வை ரொம்ப அருமையா இருக்கு" என்றார் கண்ணாடியக்கா.

"கேட்டியாம்மா? பருந்துக் கண்ணு!" என்று செயலாளர் எழுந்துவிட்டார். "போதும். நான் கிளம்பறேன்."

அம்மாவின் முகம் விழுந்தது. மாமா மட்டும் முட்டாள்தனமாகப் பெருமைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வருங்கால மனைவிக்கு முன்னால் பாஸ் ஆனவர் பின்னே எப்படி இருப்பார்.

"உக்காருங்கய்யா. இன்னும் முடியல" என்றார் கண்ணாடியக்கா. கிட்டப் பார்வை பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். பேனாவை இப்படியும் அப்படியும் ஆட்டி, தலையைத் திருப்பாமல் பார்க்கச் சொன்னார். கடைசியாக ஒரு புத்தகத்தை எடுத்தார். பக்கத்துக்கு ஒரு வட்டம், வட்டத்துக்குள் கலர் கலராகப் புள்ளிகள், புள்ளிகளுக்கு நடுவே ஒரு எண். மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

முதல் பக்கம், பன்னிரண்டு. மாமா டக்கென்று சொன்னார். இரண்டாவது பக்கம். எட்டு, பளிச்சென்று இருக்கிறது. மாமாவின் கழுத்து முன்னால் நீள்கிறது, சத்தம் வரவில்லை. மனுஷன் பரீட்சையில் ஃபெயில் ஆகப் போகிறார். என்னுடைய வகுப்பில் இந்த மாதிரி நேரத்தில் நாங்கள் செய்கிறதையே செய்தேன். விரலால் அவர் முதுகில் எட்டு போட்டேன்.

"எட்டு" என்றார் மாமா.

அடுத்தது இருபத்தொன்பது. இரண்டையும் ஒன்பதையும் பொறுமையாக எழுதினேன். "இருபத்தொம்பது." அடுத்ததும் அப்படியே. மாமா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் கூட்டணி ஜெயித்துக்கொண்டிருந்தது. செயலாளர் மட்டும் ஒவ்வொரு பதிலுக்கும் கசப்பாகத் தலையாட்டினார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பாஸ் மார்க் வாங்கினால் சந்தோஷப்பட வேண்டியதுதானே?

கண்ணாடியக்கா புத்தகத்தில் சில பக்கங்கள் தள்ளித் திருப்பினார். இந்த வட்டத்தில் வெறும் புள்ளிகள். கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். எண் எதுவும் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் விரலை மடக்கிக்கொண்டேன்.

"அஞ்சு" என்றார் மாமா.

நான் எழுதாத அஞ்சு.

செயலாளர் எட்டிப் பார்த்தார். "எங்கய்யா இருக்கு அஞ்சு? ஒண்ணுமே இல்ல!"

"இதோ, நட்டநடுவுல இருக்கே மாமா" என்று மாமா விரலால் வரைந்து காட்டினார். "உங்களுக்குத் தெரியல?"

அம்மா பார்த்தார், இல்லை. அத்தையாகப் போகிறவர் பார்த்தார், இல்லை. கண்ணாடியக்கா அடுத்த பக்கத்தைத் திருப்பினார். எங்களுக்குப் புள்ளி, மாமாவுக்கு நாற்பத்தைந்து.

"கவரு வாங்கினதும் இல்லாம பைத்தியம் மாதிரி நடிக்கவும் ஆரம்பிச்சிட்டான்" என்றார் செயலாளர்.

"நடிக்கலீங்கய்யா. இந்த நம்பர் நமக்குத் தெரியாது. சிவப்பையும் பச்சையையும் பிரிச்சுப் பாக்க வராதவங்களுக்கு மட்டும்தான் தெரியும்" என்ற கண்ணாடியக்கா, எதிர்ச் சுவர்க் கண்ணாடியைக் காட்டிச் சிரித்தார். "முன்னாடி எப்படி எல்லாம் சரியாச் சொல்றாருன்னு பாத்தேன். கண்ணாடியில ஒரு முழங்கை ஆடிக்கிட்டே இருந்துச்சு. பாப்பா, நீ இந்தப் பக்கம் வாம்மா."

அம்மா என் தலையில் வைத்த கொட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மறுபடியும் இரண்டாவது பக்கம். இந்த முறை மாமா தனியாக, "மூணு" என்றார். எட்டு அவருக்கு மூன்று.

செயலாளர் லேசில் மசிகிறவரா? தோளில் இருந்த சிவப்புத் துண்டைக் காட்டி, "இது என்ன கலரு?" என்றார். "சிவப்பு" என்றார் மாமா. "பாத்தியா!" என்று செயலாளர் குதிக்க, "சங்கத் துண்டு வேற என்ன கலர்ல இருக்கும்?" என்றார் மாமா.

அப்போது அத்தையாகப் போகிறவர் இரண்டு கையிலிருந்தும் வளையல்களைக் கழற்றினார். பாதி சிவப்பு, பாதி பச்சை. மேஜை மேல் கலந்து வைத்தார். "இதப் பிரிச்சு வைக்கச் சொல்லுங்க."

மாமா ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ரொம்ப சிரத்தையாக இரண்டு வரிசையாக அடுக்கினார். முடித்துவிட்டு நம்பிக்கையோடு நிமிர்ந்தார். இரண்டு வரிசையிலும் சிவப்பும் பச்சையும் கலந்து கிடந்தன.

அப்புறம் அம்மாதான் வாய்விட்டுச் சிரித்தார். "அடப்பாவி! அதான் சந்தைக்கு அனுப்பினா எப்பப் பாத்தாலும் தக்காளிக் காயா வாங்கிட்டு வருவியா! கஞ்சத்தனம்னுல்ல நெனச்சேன்!"

"நெல்லு பழுத்தது எப்படிண்ணே தெரியும்?" என்று கேட்டார் கண்ணாடியக்கா.

"கதிரு தலை சாஞ்சிரும். கையில உருட்டினாத் தெரியும். அதுக்குக் கலர் எதுக்குங்க?" என்ற மாமா, மெதுவாகக் கேட்டார், "அப்ப... நெசமாவே மாத்தியா நட்டுட்டேன்?"

செயலாளர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தத் துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கிச் சாயங்காலம் படிப்பகத்துல நானே சொல்றேன்" என்றார். "கொடி நட அனுப்பினவன் கேட்டுட்டுல்ல அனுப்பியிருக்கணும். இனிமே நீ கோஷம் போடு தம்பி. குரலுக்குக் கலர் கிடையாது."

இதைக் குணப்படுத்த மருந்து இல்லை, ஆனால் இதனால் கண்ணுக்குக் கெடுதலும் இல்லை என்று கண்ணாடியக்கா எடுத்துச் சொன்னார். பிறவியிலேயே வருவதாம். அத்தையாகப் போகிறவர் வளையலை மாட்டிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்ப இவருக்கு எந்தக் கலர்தான்க்கா நல்லாத் தெரியும்?"

"நீலம், மஞ்சள் எல்லாம் நம்மளப் போலவே ஜோராத் தெரியும்."

"சரிக்கா" என்றார். தலைவலிக்குப் பார்க்கவே இல்லை. செயலாளர் ரசீதைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படிப்பதைக் கண்ணாடியக்கா கவனித்துவிட்டு அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். குற்றம் சாட்ட வந்தவர் மூக்கில் கண்ணாடியோடு ஊர் திரும்பினார்.

மிச்சம் நின்ற பாதி வயலை வைத்தே சங்கம் நான்கு நாளில் பெரிய பண்ணையை வழிக்குக் கொண்டுவந்தது. தை மாதம் கல்யாணம் நடந்தது. ஐயர் இல்லை, மேடையும் மைக்கும் உண்டு. தலைமை தாங்க வந்த கட்சிக்காரர் ஒரு மணி நேரம் பேசினார், அதில் மாப்பிள்ளை பெண்ணைப் பற்றி இரண்டு நிமிடம்.

எங்கள் பக்கம் கூறைப்புடவை என்றால் அரக்குச் சிவப்பு. எந்தக் கல்யாணத்திலும் நான் வேறு நிறம் பார்த்ததில்லை. அத்தை மேடைக்கு வந்தபோது முழுக்க முழுக்க இங்க் நீலம், கரை பளீர் மஞ்சள். பந்தல் முழுக்க முணுமுணுப்பு. "என்னடி இது, ஸ்கூல் யூனிஃபார்மாட்டம்?" என்று ஒரு பெரியம்மா நேராகவே கேட்டார். அத்தை சிரித்துக்கொண்டு, "எனக்கு இதான் புடிச்சிருக்கு" என்றார். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிற அம்மா அன்று ஏனோ வாயை மூடிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அத்தையைப் பார்த்தபடியே நின்றுவிட்டார். மாலையைப் போடுங்க மாப்பிள்ளை என்று மைக்கில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

எனக்கு அத்தையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கடையில் சிவப்பெல்லாம் விற்றுத் தீர்ந்திருக்கும், கிடைத்ததைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மேடை ஏறிப் போய், என் ஜடையிலிருந்த சிவப்பு ரிப்பனை உருவி அவர் கையில் வைத்து, "இதையாவது வச்சுக்கங்க அத்தை" என்றேன்.

அத்தை என்னைத் திருப்பி நிறுத்தி, அந்த ரிப்பனை என் ஜடையிலேயே மறுபடியும் கட்டிவிட்டார். சிரிப்பில் அவர் கை ஆடியதால் முடிச்சு கோணலாக விழுந்தது.