வெங்காய விமர்சனம்

நார்த்தாமலை ஸ்டேஷனில் ஆவுடையப்பன் மாஸ்டராக வந்தது 1936இல். வயது நாற்பத்திரண்டு, கல்யாணம் கூடிவரவில்லை. ஒரு நாளைக்கு நாலே வண்டிகள். அவை போனபின் பாறையும் வெயிலும்தான் துணை. சமையலும் சாப்பாடும் தனியாகவே. சில நாள் தன் குரலைத் தானே கேட்காமல் பொழுது போய்விடும்.

அதனால்தான் படிக்க ஆரம்பித்தார். படித்ததைப் பற்றித் திருச்சிப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிப் போட்டார். ஆசிரியருக்குப் பிடித்துப்போய், மதிப்புரைக்கென்றே மாதம் இரண்டு புத்தகம் அனுப்பலானார். அவற்றைக் கொண்டுவந்து கொடுப்பவர் காலைப் பாசஞ்சரின் கார்டு சூசைராஜ். ஆவூர்க்காரர், மனைவியை இழந்தவர். வண்டி நிற்கும் ஐந்து நிமிஷத்தில் இருவரும் புத்தகம்தான் பேசுவார்கள். ஆவுடையப்பனுக்கு ஒரு நாளின் பேச்சு முழுவதும் அந்த ஐந்து நிமிஷந்தான்.

அந்த வருஷம் 'கனகலதையின் மௌனம்' என்ற நாவலைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. தொடர்கதையாக வந்தபோதே வாரப் பத்திரிகைக்கு அடிதடி. புத்தகமாக வந்ததும் ஆவுடையப்பன் ஆசையோடுதான் பிரித்தார். நூறு பக்கத்தில் சலித்துவிட்டது. கதாநாயகி பக்கத்துக்குப் பக்கம் மூர்ச்சையானாள். கடைசியில், சாகக் கிடந்தவளைச் சாமியார் ஒருவர் பச்சிலை கொடுத்து எழுப்பினார். இத்தனை பேர் கொண்டாடியது இதைத்தானா என்று அவருக்கு ஆத்திரமே வந்தது. உட்கார்ந்து எழுதினார். 'இதைப் படித்து அழுகிறவர்களுக்கு ஒரு வெங்காயம் போதும். முந்நூறு பக்கம் எதற்கு?' என்று முடித்தார். எழுதியதைத் தானே படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டார்.

மதிப்புரை வெளிவந்தது. அந்த வாரத்திலிருந்து சூசைராஜ் வண்டியைவிட்டு இறங்கவில்லை. தபாலை நீட்டுவார், கொடியை அசைப்பார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூன்று வாரம் பொறுத்த ஆவுடையப்பன் ஒரு நாள் கார்டு பெட்டியின் படியருகே போய் நின்றார்.

"என் மேல என்னங்க கோவம், கார்டு?"

சூசைராஜ் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"எங்க வீட்டுக்காரி செபமாலை படுக்கையில கெடந்தப்ப அந்தக் கதையத்தான் வாராவாரம் படிச்சுக் காட்டுனேன், மாஸ்டர். முடியறதுக்கு ரெண்டு வாரம் இருந்துச்சு. 'கனகலதை பொழைச்சுருவாளா?'ன்னு கேட்டா. பொழைச்சுருவான்னு சொன்னேன். அன்னிக்குத்தான் போய்ச் சேந்தா. முடிவ நான் தனியா உக்காந்து படிச்சேன். எனக்கு வெங்காயம் வேண்டியிருக்கலைங்க."

விசில் ஊதி வண்டி நகர்ந்தது. ஆவுடையப்பன் கொடியை மடிக்காமல் நின்றார்.

அன்று அந்த நாவலை மறுபடி எடுத்தார். எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று வரிவரியாகப் படித்தார். பிடிக்கவில்லை. மூர்ச்சை மூர்ச்சையாகவே இருந்தது. பச்சிலை பச்சிலையாகவே இருந்தது. பொய்யாகப் புகழ்ந்து எழுதவும் கை வரவில்லை. இரண்டு நாள் யோசித்து ஆசிரியருக்கு நாலு வரி அனுப்பினார்: 'புத்தகத்தைப் பற்றிச் சொன்னதை மாற்றிக்கொள்வதற்கில்லை. அழுதவர்களைப் பற்றிச் சொன்னது தவறு. அவர்களை நான் அறியேன். மன்னிக்கவும்.'

அடுத்த இதழில் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் அது வந்தது. சூசைராஜ் அன்று இறங்கி வந்தார்.

"படிச்சேன், மாஸ்டர். அப்பவும் நல்ல புத்தகம்னு ஒரு வார்த்தை எழுதலையே?"

"எழுத முடியலைங்க, கார்டு."

"செபமாலையும் நடுவுல கொஞ்சம் இழுவைன்னுதான் சொன்னா" என்றார் சூசைராஜ். சிரிப்பது போல வாய் கோணியது, சிரிக்கவில்லை. கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு வண்டியேறினார். ஆனால் அதன் பிறகு அவர்கள் புத்தகம் பேசவில்லை. மழையைப் பற்றியும் வண்டி தாமதத்தைப் பற்றியும் பேசினார்கள். தைக்குள் சூசைராஜுக்கு மானாமதுரைப் பக்கம் மாற்றலாகிவிட்டது.

ஆவுடையப்பன் இன்னும் ஐந்தாறு வருஷம் எழுதினார். 'பழைய காரம் இல்லையே' என்று ஆசிரியர் குறைப்பட்டுக் கடிதம் போட்டார். யுத்தத்தில் காகிதத் தட்டுப்பாடு வரவும் மதிப்புரைப் பகுதியையே நிறுத்திவிட்டார்கள். ஆவுடையப்பன் படிப்பதை மட்டும் விடவில்லை. எப்போதாவது நல்ல புத்தகம் ஒன்று கிடைத்தால், காலைப் பாசஞ்சர் வரும் நேரத்துக்கு அதைக் கையோடு எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்கு வருவார். புதுக் கார்டு தங்கமான மனிதர். படிக்கிற வழக்கம்தான் இல்லை.