நட்சத்திரத்தை இறக்கிய காலை

மைதா மாவைக் கரைத்து அடுப்பில் ஏற்றி, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுப் பசையாகக் கிளறும்போது தொண்டையைக் கமறச் செய்யும் ஒரு வாடை எழும். என் பிள்ளைப் பருவத்தில் டிசம்பர் மாதம் அந்த வாடையோடுதான் வீட்டுக்குள் வந்தது. முதலியார்பேட்டையில் பஞ்சாலைக்குப் பின்புறம் இருந்த எங்கள் தெருவில், அப்பா ஒவ்வொரு ஆண்டும் மூங்கில் பிளாச்சுகளைக் கட்டி, அந்தப் பசையால் வண்ணத்தாள் ஒட்டி, தன்னைவிட உயரமான ஒரு நட்சத்திரத்தைச் செய்வார். அதன் வயிற்றில் ஒரு பெரிய பல்பைத் தொங்கவிட்டு, மொட்டைமாடியில் நட்ட மூங்கில் கழியின் உச்சியில் ஏற்றுவார். அது எரியத் தொடங்கினால்தான் எங்களுக்குக் கிறிஸ்துமஸ்.

நட்சத்திரத்தோடு நின்றுவிடும் பண்டிகையும் அல்ல அது. கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு குடில் எழும்பும். சுவருக்கெல்லாம் வெள்ளையடிக்க வேண்டும். எங்களுக்கு மட்டுமின்றி இரண்டு அத்தைகளின் குடும்பங்களுக்கும் புதுத்துணி எடுக்க வேண்டும். ரவையையும் முட்டையையும் ரம்மில் ஊறிய திராட்சையையும் சேர்த்துக் குழைத்த “விவிகம் கேக்”கைத் தட்டுகளில் ஊற்றி ரொட்டிக்கடை அடுப்புக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் “தட்டு”. பூவேலை செய்த துணியால் மூடி, தெருவின் எல்லா வீடுகளுக்கும் நானும் தம்பி பிலிப்பும் எடுத்துப்போகும் பலகாரத் தட்டு. யார் வீட்டுத் தட்டில் எத்தனை வகை இருந்தது என்பது பொங்கல் வரைக்கும் தெருவில் பேச்சாக இருக்கும். போன வருடம் ஐந்து வகை வைத்தவர்கள் இந்த வருடம் நான்கு வைக்க முடியாது. தெருமுனை மாடிவீட்டில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்த ஒரு பெரியவர் இருந்தார்; ஊரார் அவரைச் “சொல்தா” என்பார்கள், நேரில் மரியாதையாக “முசியே” என்று கூப்பிடுவார்கள். அவர் வீட்டு நட்சத்திரத்தைவிட எங்களுடையது ஒரு முழமாவது உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அப்பா யாரிடமும் சொல்லாத, ஆனால் எல்லாருக்கும் தெரிந்த வைராக்கியம்.

எனக்குப் பத்து வயதான ஆண்டில், அப்பா வேலை பார்த்த அந்த ஆலை மூடப்பட்டது. காலையும் மாலையும் ஊதிக்கொண்டிருந்த “சங்கு” நின்றுபோனது. தெருவில் ஆண்கள் பகலில் வீட்டில் இருந்தார்கள் என்பதே குழந்தைகளான எங்களுக்கு ஏதோ சாவு வீட்டுக் களையாகத் தோன்றியது. நவம்பர் கடைசியில் ஒருநாள் அப்பா மூங்கிலோடு வந்தபோது, அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

“இந்த வருஷம் இதெல்லாம் வேணாங்க. நட்சத்திரம் வேணாம், தட்டு வேணாம். பசங்களுக்கு மட்டும் ஒரு துணி எடுத்துட்டு, பூசைக்குப் போயிட்டு வந்துடலாம்.”

“நட்சத்திரம் ஏத்தலைன்னா தெருவுல என்னா பேசுவாங்க தெரியுமா? ஆரோக்கியநாதன் ஒடஞ்சி போயிட்டான்னு பேசுவாங்க.”

“பேசட்டுமே. பேசறவங்களா நம்ம வூட்ல அடுப்பு பத்தவைக்கப் போறாங்க?”

பேச்சு ஏறிக்கொண்டே போனது. பிலிப்பு என் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். கடைசியில் அப்பா கழியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கத்தாமல், சாதாரணக் குரலில் ஒன்று சொன்னார்: “நான் ஒருத்தன் எங்கனா போயிட்டா எல்லா செலவும் தானா கொறஞ்சிடும், ராணி.”

அம்மா முறத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். அவள் கத்தியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஏனெனில் அதே தெருவில், நூற்புப் பகுதியில் வேலை பார்த்த ஒருவர், அதற்கு ஒரு மாதம் முன்பு வெற்றிலை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், திரும்பி வரவில்லை. வைத்திக்குப்பம் கடற்கரையில் பிணமாக ஒதுங்கினாரா என்று ஆட்கள் போய்ப் பார்த்ததையும், அவர் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து தெருமுனையையே வெறித்துக்கொண்டிருந்ததையும் நான் பார்த்திருந்தேன். ஒரு மனிதர் ‘போய்விடுவது’ எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து, வாசலில் அப்பாவின் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்த பிறகே வீட்டுக்குள் நுழைவேன்.

நட்சத்திரம் ஏறியது. ஆனால் மின்கம்பி புதிதாக வாங்கப்படவில்லை. பழைய துண்டுகளை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, மாடியில் துணி உலர்த்தும் இரும்புக் கொடிக்கம்பியின் மீதே சுற்றிக் கொண்டுபோய் அப்பா இணைப்புக் கொடுத்தார். தறிகளைப் பழுதுபார்த்த கை என்பதால் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் மழை பிடித்தது. ஒருநாள் சாயங்காலம், வானம் இருண்டதால் வழக்கத்துக்கு முன்பே நட்சத்திரத்தைப் போட்டிருந்தார்கள். மாடியில் மறந்துபோன என் சீருடையை எடுக்க வெறுங்காலோடு ஏறிப்போய்க் கொடியில் கை வைத்தேன். ‘சுள்’ளென்று ஒன்று விரல் நுனியில் கடித்து முழங்கை வரை ஓடியது. தேள் என்று நினைத்துக் கையை உதறினேன். தேளைக் காணவில்லை. சிறிது நேரம் கழித்து, புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்த்தேன். மறுபடியும் கடித்தது. தலைக்கு மேலே நட்சத்திரம் சிவப்பும் மஞ்சளுமாக எரிந்துகொண்டிருந்தது.

அப்போதே கீழே இறங்கிச் சொல்லியிருக்க வேண்டும். படியில் பாதி இறங்கியும்விட்டேன். சமையலறையில் அம்மாவின் முதுகு தெரிந்தது, கூடத்தில் அப்பா குடிலுக்குக் களிமண் பிசைந்துகொண்டிருந்தார். நான் சொன்னால் அம்மா “நான் அப்பவே சொன்னேனே” என்பாள். அம்மா அப்படிச் சொன்னால் அப்பா செருப்பை மாட்டிக்கொள்வார். பத்து வயது மூளைக்கு அதற்கு அப்பால் ஒரு வழியும் தோன்றவில்லை. நான் சொல்லவில்லை.

அதன் பிறகு ஏழெட்டு நாட்கள், வீட்டில் ஒரு பாம்பு இருப்பது தனக்கு மட்டும் தெரிந்தவள்போல வாழ்ந்தேன். பள்ளியிலிருந்து வந்ததும் புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடி எல்லாத் துணியையும் அள்ளிக்கொண்டு வந்துவிடுவேன். “என் பொண்ணுக்கு இப்பத்தான் பொறுப்பு வந்துருக்கு” என்று அம்மா எதிர்வீட்டு ஞானம் அத்தையிடம் சொன்னபோது எனக்கு அழுகை முட்டியது. மாடியில் பேய் இருக்கிறது என்று பிலிப்பிடம் சொல்லி அவனைப் படியேறவே விடாமல் செய்தேன். ஜெபமாலை சொல்லும்போது என் காது முழுக்க மழைச் சத்தத்தில் இருந்தது. கரண்டு போனால் தெருவே சலித்துக்கொள்ளும். நான் மட்டும் நிம்மதியாக மூச்சு விடுவேன்.

பண்டிகைக்கு நான்கு நாள் இருக்கும்போது அது நடந்தது. பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மாலை ஐந்து மணி இருக்கும். ஞானம் அத்தை வீட்டுக்கு முறுக்கு அச்சை வாங்கப் போயிருந்தேன். திடீரென்று மழை கொட்டத் தொடங்கியது. அச்சோடு வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தபோது எங்கள் வீட்டு மாடியில் நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. படிக்கு அடியில் இருந்த சுவிட்சைப் போடுவதில் பிலிப்புக்கு அப்படியொரு ஆசை. இருட்டிக்கொண்டு வந்ததும் போட்டுவிட்டிருக்கிறான். நட்சத்திரத்துக்குக் கீழே, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, அம்மா கொடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

“அம்மா! தொடாத! தொடாதம்மா!”

மழையில் அவளுக்குக் கேட்கவில்லை. போர்வையை இழுக்க இரண்டு கையாலும் பற்றினாள். அவள் உடம்பு ஒருமுறை குறுகியது. பிறகு அசையாமல் அப்படியே நின்றாள். அந்த நிற்றலைப் போலப் பயங்கரமான ஒன்றை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அவளிடம் ஓடத்தான் கால் துடித்தது. ஆனால் தறிக்கூடத்தில் ஷாக் அடித்தவனைத் தொட்ட இன்னொருவனும் விழுந்த கதையை அப்பா எப்போதோ சொல்லியிருந்தார். நான் தெருவைத் தாண்டி, வீட்டுக்குள் புகுந்து, பிலிப்பைத் தள்ளிவிட்டுச் சுவிட்சை அணைத்தேன். மேலே தொப்பென்று ஏதோ விழும் சத்தம் கேட்டது.

கொல்லையில் இருந்த அப்பா எனக்கு முன்னால் படியேறினார். அம்மா ஈரத்தரையில் கிடந்தாள், கண் திறந்திருந்தது, உதடு நீலமாக இருந்தது. அப்பா அவள் கன்னத்தைத் தட்டி “ராணி, ராணி” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு அவள் இருமினாள். உள்ளங்கைகள் இரண்டிலும் கம்பியின் தடம் கோடாகக் கருகியிருந்தது.

“எனக்குத் தெரியும்ப்பா,” என்றேன் நான். “ஒரு வாரமா தெரியும். எனக்கும் அடிச்சிது.”

அப்பா திரும்பினார். “அப்ப ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க ரெண்டு பேரும் சண்ட போடுவீங்க. நீ எங்கனா போயிடுவ. போயிடுவேன்னு சொன்னியே.”

அடிப்பார் என்று எதிர்பார்த்துத் தோளைச் சுருக்கிக்கொண்டேன். அப்பா அடிக்கவில்லை. மழையில், தரையில், அம்மாவின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மாதான், பேச முடியாத நிலையிலும், கருகிய கையை நீட்டி என்னைத் தன்னிடம் இழுத்துக்கொண்டாள். நான் சொல்லாமல் இருந்தது அவள் உயிரை எடுத்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. மருத்துவமனையில் அம்மாவின் கைக்குக் கட்டுப்போட்டு அன்றிரவே அழைத்து வந்தோம்.

மறுநாள் காலை, தெருவில் எல்லாரும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அப்பா மாடியேறிக் கழியைச் சாய்த்தார். பண்டிகைக்கு மூன்று நாள் முன்பு நட்சத்திரம் இறங்குவதைத் தெருவே நிமிர்ந்து பார்த்தது. குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலை நடைக்குத் தொப்பியோடு வந்த சொல்தா நின்று, “என்னா ஆரோக்கியம், பண்டிகைக்கு முன்னாடியே எறக்குற?” என்று கேட்டார்.

“புதுக் கம்பி வாங்க முடியல முசியே,” என்றார் அப்பா மேலிருந்து. “வேலையில்ல. பழசை ஒட்டவச்சி ஏத்துனேன். என் பொண்டாட்டி போயிட்டுத் திரும்பி வந்துருக்கா. இந்த வருஷம் எங்க வூட்ல ஒண்ணும் கெடயாது.”

குழாயடியில் ஒரு குடம் நிரம்பி வழிந்தது. இனி அப்பா இந்தத் தெருவில் எப்படி நடப்பார் என்று நினைத்துக்கொண்டே குழாயை மூடினேன். சொல்தா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, “கை எப்படி இருக்கு, ராணிக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டு நடந்துபோனார்.

மத்தியானம் ஞானம் அத்தை வந்தாள். அவள் புருஷனும் ஆலைக்காரர்தான். அம்மாவின் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதவள், பிறகு குரலைத் தாழ்த்தி, “அப்ப தட்டு?” என்றாள்.

“எதுவும் அனுப்பல, ஞானம். நீ தப்பா எடுத்துக்காத.”

“தப்பா? அய்யோ, நீ நல்லா இருப்ப.” அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “உன் வூட்லேருந்து தட்டு வந்துடுமேன்னு ஒரு மாசமா எனக்குச் சோறு எறங்கல. வந்தா திருப்பி வைக்கணுமேன்னு பயந்து செத்துக்கிட்டு இருந்தேன்.”

அந்த ஆண்டு எங்கள் தெருவில் தட்டு எதுவும் கைமாறவில்லை. ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டுக்குப் பயந்து மாவு இடித்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் வெளியே வந்தது. கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசைக்குத் துவைத்து மடித்த பழைய உடுப்போடு போனோம். முன் வரிசைக்குப் போகாமல் தூணருகே நின்றோம். வீட்டுக்கு வந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அப்பா கறிக்குழம்பு வைத்தார். அதில் உப்பு கூடுதல். ஆனாலும் சட்டி காலியானது. அடுத்த ஆண்டு அவருக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் பராமரிப்பு வேலை கிடைத்தது. இருந்தும் பழைய கணக்கில் பண்டிகை எங்கள் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. பசங்களுக்குத் துணி, ஒரு கேக், பூசை, அவ்வளவுதான். நான் மட்டும் பதினைந்து வயது வரைக்கும் வாசலில் செருப்பைப் பார்க்காமல் வீட்டுக்குள் நுழைந்ததில்லை.

இப்போது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. ஆலைச் சங்கு கேட்டு எழுந்த தலைமுறையில் தெருவில் பாதிப் பேர் மிஞ்சவில்லை. சொல்தா வீட்டை விற்றுவிட்டார்கள். தட்டுகளும் போய்விட்டன, அதில் எனக்கு முழு நிம்மதி என்று சொல்ல முடியாது, ஏனென்றால் தட்டோடு சேர்ந்து, தெருவின் எல்லா வீட்டு அடுப்படிக்குள்ளும் கேட்காமல் நுழையும் உரிமையும் பிள்ளைகளுக்கு இல்லாமல் போய்விட்டது.

நான் ரெட்டியார்பாளையத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். சென்ற டிசம்பரில் அடுக்ககத்தில் அலங்காரத்துக்குப் பங்கு கேட்டார்கள், பள்ளியில் பரிசுப் பரிமாற்றம் என்றார்கள், மகளின் தோழிகள் எல்லாரும் ஒரே மாதிரி சிவப்பு உடை எடுப்பதாக முடிவுசெய்தார்கள். எனக்கு எல்லாம் மிகையாகப்பட்டது. வேண்டாம், வேண்டாம் என்று போகிற போக்கில் சொல்லிக்கொண்டே வந்தேன். காரணம் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவும் இல்லை. ஒரு வாரம் கழித்து, சனிக்கிழமை காலை நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஒன்பது வயது மகள் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

“அம்மா, உனக்கு ஆபீஸ்ல வேல போயிடுச்சா?”

அவள் கேட்ட விதத்தில், அது அன்று காலை முளைத்த கேள்வி இல்லை என்று தெரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன்.

“எத்தினி நாளா இத நெனச்சிக்கினு இருக்க?”

“போன வாரத்துலேருந்து.”

“போகலடி,” என்றேன். “போனா, உங்கிட்டதான் மொதல்ல சொல்லுவேன்.”