பின் சீட்டில் ஒரு இடம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறவள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "பார்த்த ஆளைக் கூட்டிக்கொண்டு வா" என்று வாயை அடைத்துவிடுவேன். இப்போது நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதும் தெரிகிறது, பெயிண்ட் ரிமூவர் நெடி தலைக்கு ஏறியிருக்கும் என்று. அதை உங்களுக்கு முன்னாலேயே நான் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

எங்கள் வீடு வல்லத்திராக்கோட்டையில். என் கணவர் குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்ததும் செய்த முதல் காரியம், கறம்பக்குடியில் ஒரு கொட்டகையில் வருஷக்கணக்காகக் கிடந்த பழைய அம்பாசிடர் காரை வாங்கி வந்து போர்டிகோவில் நிறுத்தியதுதான். தன் கையாலேயே பெயிண்டைச் சுரண்டிப் புதுசாக்கப் போகிறாராம். ரிமூவரைத் தடவினால் பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரிந்து வரும், அதைத் தகட்டால் வழித்துவிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். வெள்ளைக்கு அடியில் கறுப்பு வந்தது, கூரையில் மஞ்சள் வந்தது. ஒரு காலத்தில் டாக்ஸியாக ஓடிய வண்டி. அதைப் பார்த்ததிலிருந்து இவருக்குக் குஷி, ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும் ஷேர் டாக்ஸி டிரைவர் மாதிரி "ஒரு ஆளு, ஒரு ஆளு" என்று கூவிக்கொண்டே வேலை பார்த்தார். நானும் சிரித்தேன்.

அன்று சனிக்கிழமை மதியம். கொல்லைப் பக்கம் மோட்டாரைப் போட்டுத் துணி துவைத்துக் கொடியில் காயப்போட்டுவிட்டு, டீ போட்டு எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். காருக்கு அந்தப் பக்கம் கீழே உட்கார்ந்து சுரண்டுகிற சத்தம் சர்... சர்... என்று கேட்டது. ஆள் தெரியவில்லை, நானும் எட்டிப் பார்க்கவில்லை. டம்ளரைச் சுவர்மேல் வைத்தேன்.

"ஏங்க, இந்த வண்டி எப்பத்தான் கெளம்பும்?"

சத்தம் நின்றது. "ஒரு ஆளு ஏறுனா கெளம்பிரலாம்."

குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. மூக்கில் துணி கட்டியிருப்பார், தூசி வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

"அதான் நான் இருக்கேன்ல. எனக்கு ஒரு எடம் போட்டு வைங்க."

"சரித்தா."

என் கணவர் என்னை ஒரு நாளும் 'ஆத்தா' போட்டுப் பேசியதில்லை. யோசிப்பதற்குள் அந்தப் பக்கத்துப் பின் கதவு திறந்து, டப்பென்று மூடியது. அது துருப்பிடித்து இறுகிப்போன கதவு, கடப்பாரை போட்டு நெம்பியும் அசையாதது. அப்போது வீட்டுக்குள் போன் அடித்தது, ஓடிப்போய் எடுத்தேன்.

"உப்புத்தாள் தீந்துபோச்சு, புதுக்கோட்டைக்கு வந்தேன். மோட்டார் சத்தத்துல நான் சொன்னது ஒனக்குக் கேட்டுச்சோ என்னமோ. ஏதாச்சும் வாங்கிட்டு வரணுமா?"

பேசியது என் கணவர். வாசலில் மறுபடியும் சர்... சர்... ஆரம்பித்தது. போனை வைத்துவிட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, சமையலறையில் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் பைக் சத்தம் கேட்கிற வரைக்கும் அழுதுகொண்டிருந்தேன். படித்த வேதியியல் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

வந்தவர் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நெடி ஏறிருச்சு ஒனக்கு" என்றார். சொல்லிக்கொண்டே போய்க் கார்க் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார், அத்தோடு சிரிப்பு நின்றுவிட்டது.

பின் சீட்டு முழுக்கத் தூசி. நடுவில், பஸ்ஸில் இடம் பிடிக்கப் போடுவோமே, அந்த மாதிரி ஒரு துண்டு விரித்துக் கிடந்தது. எங்கள் வீட்டுத் துண்டு. நான் அன்றைக்குத் துவைத்துக் கொடியில் போட்டது, ஈரம்கூடக் காயவில்லை. பின் கதவுகள் இரண்டும் இறுகிக் கிடக்கின்றன, கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்கிறது, முன் கதவுச் சாவி அவர் சட்டைப் பையில்.

"நீதானே போட்ட? உண்மையச் சொல்லு."

என் முகத்தைப் பார்த்ததும் அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அவருக்கு அந்த வண்டியை விட மனசே இல்லை, நான்தான் பிடிவாதமாக நின்று மறுநாளே பழைய இரும்புக் கடைக்காரரை வரச்சொன்னேன். துண்டை எடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை. அந்தக் கடைக்காரர் டிராக்டரில் சங்கிலி மாட்டும்போது வண்டிக்குள் பார்த்தார், வாசல்படியில் நின்ற என்னைப் பார்த்தார், திரும்பவும் உள்ளே பார்த்தார். அப்புறம் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார். சனியன் தொலைந்தது என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

போன மாதம் என் கணவர் அந்தக் கடைக்குப் போனபோது வண்டி உடைபடாமல் அப்படியே நின்றிருக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு அந்த ஆள் குரலைத் தாழ்த்தி, "அக்கா உள்ள ஒக்காந்திருக்கையில எப்பிடிண்ணே ஒடைக்கிறது?" என்றாராம்.

இதை என்னிடம் சொல்லும்போது அவர் என் கையைப் பிடித்தார், விட்டார், மறுபடியும் பிடித்துப் பார்த்தார். அதிலிருந்து என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார். சாப்பாடு போட்டால் தட்டில் கை வைக்கிறதற்கு முன்னால் என் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்துக்கொள்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. எதற்கெடுத்தாலும் நிரூபித்துக் காட்டு என்று பிள்ளைகளை அதட்டுகிற எனக்கு, நான் நான்தான் என்று அவருக்கு எப்படி நிரூபிப்பது என்று தெரியவில்லை.